இரண்டு குடம் தாங்கும் பை

கணக்கு வாத்தியார் ஸௌந்தரராஜனுக்கு ஓய்வு பெற்ற பிறகு தீராத கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அவருடைய பேட்டரி வண்டியின் பின்கேரியரில் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி பை வேண்டும். பக்கத்துக்கு ஒரு பித்தளைக் குடம், நிறைந்த தண்ணீரோடு, ஆடாமல் அதில் உட்கார வேண்டும். பையின் எந்த மூலையிலும் தோல் இருக்கக் கூடாது. இதைக் கேட்ட கடைக்காரர்கள் முதலில் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு வாத்தியாரின் நெற்றி நாமத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. அவர் மனைவி ஸுபத்ரா செத்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் கட்டி. சென்னையில் திறந்து பார்த்த டாக்டர் எதையும் தொடாமல் மறுபடி தைத்து மூடிவிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்று தோளைத் தட்டி அனுப்பினார். சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்கு வந்து, கூடத்து ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும் சொல்லு" என்று ஸௌந்தரராஜன் நாளுக்குப் பத்துத் தரம் கேட்டார். ரசம் சாதம் தங்கவில்லை. கஞ்சி தங்கவில்லை. ஒருநாள் அவளாகவே வாய் திறந்தாள்.

"செவிலிமேட்டுக் கிணத்துத் தீர்த்தம் ஒரு வாய் கிடைச்சா தேவலை."

செவிலிமேடு அவள் பிறந்த ஊர். பாலாற்றுப் பக்கம். அங்கே இன்னமும் அவள் தம்பி ராம்ப்ரஸாத் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு இருக்கிறது. குடித்தால் அடித்தொண்டை வரை தித்திக்கும். இந்த வீட்டுக் கிணறு உப்பாகிப் பல வருஷம் ஆயிற்று. அதையேதான் காய்ச்சிக் காய்ச்சிக் குடித்து வந்தாள். குழாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது என்று அவளுடைய மாமியார் காலத்தில் சொன்னது. இப்போதெல்லாம் ரப்பர்தான் என்று கணக்கு வாத்தியாரே குழாயைக் கழற்றிக் காட்டியும், "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டவள்.

பாட்டிலில் பிடித்து வந்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் அந்தத் தெருவில் பிறக்காதவர்கள். பிளாஸ்டிக்கில் வந்த தண்ணீர் மடி ஆகாது, பெருமாளுக்கும் ஆகாது. சொம்பில் கொண்டு வரட்டுமா என்று அவரே கேட்டுப் பார்த்தார். "ஒரு சொம்பு யாருக்குப் போறும்? திருவாராதனத்துக்கு ஒரு குடம், குடிக்க ஒரு குடம். அதுக்குக் குறைஞ்சா எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றாள். பெருமாள் வாய் நனையாமல் தான் மட்டும் குடிப்பதா என்கிற நியாயம். ஸௌந்தரராஜனுக்கு அது நியாயமாகவே பட்டது.

முந்தைய காலமாயிருந்தால் சைக்கிளில் போய் ஒரே மிதியில் கொண்டு வந்திருப்பார். நெஞ்சுக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு சைக்கிள் மிதிக்கக் கூடாது என்றாகிவிட்டது. அதற்காகத்தான் மகள் ஸிந்துஜா, புதிதாக வந்த பேட்டரி வண்டி ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பினாள். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ராத்திரி கூடத்துப் பிளக்கில் சொருகிவைத்தால் காலையில் ஓடும். சத்தம் என்பதே கிடையாது. தெரு நாய்கள்கூட அது பக்கத்தில் வந்த பிறகுதான் எழுந்து குரைத்தன.

அந்தச் சத்தமின்மைதான் ஸுபத்ராவுக்குப் பிடிக்கவில்லை. "திடுதிப்னு வந்து நிக்கறேள். நேக்குத் தூக்கிவாரிப் போடறது. தெரு முனையிலயே மணி அடிச்சுண்டு வாங்கோ" என்று உத்தரவு போட்டாள். வண்டியில் ஹாரன் இருந்தது. ஹாரன் அடித்தால் பேட்டரி செலவாகுமே என்று கணக்கு வாத்தியார் தம் பழைய சைக்கிள் மணியைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து முனை மண்டபத்தைத் தாண்டியதும் மணி அடிக்கத் தவறியதில்லை.

முதலில் ஒரு குடத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். செவிலிமேடு திருப்பத்தில் குடம் ஒரு பக்கம் இழுக்க, வண்டி மறுபக்கம் போக, தண்ணீரும் வாத்தியாரும் தரையில் விழுந்தார்கள். முழங்கால் சிராய்ப்போடு வந்து நின்றவரைப் பார்த்து ஸுபத்ரா அழுதுவிட்டாள். ராம்ப்ரஸாத் போன் செய்து, "நான் கார்ல போட்டு எடுத்துண்டு வந்துடறேன், அத்திம்பேர்" என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் கொண்டு வர வேண்டாம். நீங்கதான் கொண்டு வரணும். நல்ல பையாப் பார்த்து ரெண்டு பக்கமும் மாட்டிண்டு, பதவிசாப் போய்க் கொண்டு வாங்கோ. ஒண்ணும் அவசரமில்லை."

சாகக் கிடப்பவள் அவசரமில்லை என்கிறாளே என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. தன் கையால்தான் வேண்டும் என்கிறாள், அது ஒன்றே காதில் விழுந்தது. அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட பொருள் மிகக் குறைவு. இதையாவது செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சபதமே போட்டுக்கொண்டார்.

தேடல் தொடங்கியது. தினமும் மத்தியானம் அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் இரண்டு காலிக் குடங்களையும் கோணிப்பையில் போட்டுக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவார். குடத்தை நேரில் வைத்துப் பார்க்காமல் அளவு சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த நேரத்துக்குப் பின்தெருவிலிருந்து இந்திராணி வந்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தறி நெய்கிறவள். புருஷன் ஒரு தறி, அவள் ஒரு தறி என்று ஓட்டிக்கொண்டிருந்தாலும், "நான் பாத்துக்கிறேன் சார், நீங்க போய் வாங்க" என்று அவளாகவே ஒத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு கடையில் ரெக்ஸின் பை கிடைத்தது. எடுத்து வந்து காட்டினார். ஸுபத்ரா படுத்தபடியே விரலால் தடவி, மூக்கருகில் வைத்து, "தோல் வாசனை வர்றதே" என்றாள். அவரும் முகர்ந்தார். வாசனை எதுவும் தெரியவில்லை. அவளுக்கு மூக்கு கூர்மை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பால்காரர்கள் மாட்டுகிற இரும்புக் கொக்கியை முயன்றார். கேரியருக்குக் கீழே பேட்டரிப் பெட்டி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்ததால் கொக்கி பிடிக்கவே இல்லை. சற்றுத் தாழ்த்தினால் சக்கரக் கம்பியில் உரசியது. பின்னுக்குத் தள்ளினால் சிவப்பு விளக்கு மறைந்தது. ஸிந்துஜா சென்னையிலிருந்து அனுப்பிய பை பார்க்க அழகாக இருந்தது. யாரோ வெள்ளைக்காரர் சட்டை துணி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்குத் தைத்தது போலிருக்கிறது. குடத்தின் அடிப்பாகம்கூட அதற்குள் நுழையவில்லை.

"ஏனாத்தூர்ல போய்ப் பாருங்கோளேன். காலேஜ் பசங்க விதவிதமா வண்டி வெச்சிண்டிருப்பா" என்றாள் ஸுபத்ரா. போனார். இன்னொரு நாள் ஐயம்பேட்டை என்றாள். அங்கேயும் போனார். அவள் சொல்லச் சொல்ல ஓடினார். உண்மையைச் சொன்னால், வெளியே போன அந்த நேரத்தில்தான் அவரால் மூச்சுவிட முடிந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு அடைத்தது. வண்டியில் ஏறி, அளவு, கொக்கி, பட்டை என்று யோசிக்க ஆரம்பித்ததும் மனுஷனாகிவிடுவார். அப்படி நிம்மதியாக இருக்கிறோமே என்று வெட்கமும் பட்டுக்கொள்வார்.

திரும்பி வரும்போது ஸுபத்ரா முகம் அலம்பி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "இன்னிக்கு எங்கெல்லாம் போனேள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். கடைக்காரர்களின் முழியை அவர் நடித்துக் காட்டுவார். மாத்திரை நன்றாகக் கேட்கிறது, வலியே தெரியவில்லை என்று மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சீட்டுக் கவர் தைக்கிற முனிரத்தினம் அகப்பட்டான். அவனுக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

"சார், நான் வண்டி சீட்டு தெக்கிறவன். கோயில் சாமானெல்லாம் தெக்கிறதில்ல."

"கோயில் சாமான் இல்லப்பா. ஆத்துக்குத் தண்ணி."

"தண்ணிக்கு இத்தினி ரோதனையா?" என்று திட்டிக்கொண்டே தார்ப்பாயில் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தான். ஸுபத்ரா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டை தைத்த இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒட்டியிருந்த தோல் துண்டைக் கண்டுபிடித்தாள். "இது என்ன?" முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு அதைப் பிரித்தான். அடுத்து, "அடி தொளதொளன்னு இருக்கு. குடம் ஆடும்" என்றாள். அதற்கு அடியில் பலகை வைத்தான். அப்புறம், "சார்ஜ் போடற ஓட்டையை மறைக்கறதே" என்றாள். வண்டியில் ஒரு நாளும் ஏறாதவள், கட்டிலில் கிடந்தபடி இத்தனை குறை கண்டுபிடிக்கிறாளே என்று ஸௌந்தரராஜனுக்கு உள்ளூரப் பெருமை. புத்தி தெளிவாக இருக்கிறது, அப்படியானால் இன்னும் நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார், மறுபடியும் வந்துக்கினு இருக்கீங்க?" என்று வரவேற்ற முனிரத்தினம், ஒரு நாள் வீம்பாகவே உட்கார்ந்துவிட்டான். பக்கத்துப் பட்டறையில் பட்டை இரும்பை வளைத்து பேட்டரிப் பெட்டிக்கு வெளியே ஒரு சட்டம் போட்டான். கெட்டித் துணியில் பை தைத்து அதில் மாட்டினான். அடியில் பலகை, பலகைமேல் குடம் உட்கார வைக்கோல் பிரிமணை, கழுத்தைப் பிடித்துக்கொள்ளத் துணிப்பட்டை. சார்ஜ் ஓட்டைக்குத் தனியாக ஒரு மூடி. தோல் எங்கேயும் இல்லை. குடத்தை உள்ளே இறக்கியபோது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"இதுக்கும் உங்க வீட்டம்மா இன்னா சொல்றாங்கன்னு பாக்கிறேன்" என்றான் முனிரத்தினம்.

ஸௌந்தரராஜனுக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. நேராகச் செவிலிமேட்டுக்கு விட்டார். ராம்ப்ரஸாத்தை ஒதுக்கிவிட்டுத் தாமே கிணற்றில் இறைத்து இரண்டு குடத்தையும் நிறைத்தார். வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன்பு விழுந்த அதே திருப்பத்தில் வண்டி ஆடாமல் அசையாமல் திரும்பியது. தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வழக்கமாக வரும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே தெரு முனைக்கு வந்துவிட்டார். மணியில் கட்டை விரலை வைத்தவர், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். திடுதிப்பென்று முன்னால் போய் நின்று, "இந்தா உன் செவிலிமேடு" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை.

அன்று அமாவாசை. அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். மற்ற நாளில் பின்தெருவிலிருந்து தடக் தடக்கென்று வந்துகொண்டேயிருக்கும் சத்தம் இல்லாமல் ஊரே காது அடைத்தாற்போல் இருந்தது. வண்டி தானாக நகர்ந்து வாசலில் போய் நின்றது.

எங்கிருந்தோ ஒரு கூச்சல் கேட்டது. பின்தெருவில் யாருக்கோ பிரசவ வலி என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டாவது தரம் கேட்டபோதுதான் அது எந்த வீடு என்று புரிந்தது. ஜன்னல் ஒருக்களித்திருந்தது. கட்டிலில் ஸுபத்ரா சுருண்டு கிடந்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. இந்திராணி அவளை மார்போடு இறுக்கிப் பிடித்திருக்க, அவள் தோளைக் கடித்துக்கொண்டு ஸுபத்ரா, "பெருமாளே, போறும், போறும்" என்று அலறினாள். அது அவள் குரலே இல்லை. அத்தனை வருஷத்தில் பிரசவத்தின்போதுகூட அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை.

கதவில் கை வைத்தார். அதற்குள் இந்திராணி பார்த்துவிட்டாள். மாமியை மெதுவாகப் படுக்கவைத்து, முகத்தில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனாள். அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மணி அடிக்காம ஏன் சார் வந்தீங்க?"

"எத்தனை நாளா இப்படி?"

"தெனமுந்தான் சார். மாத்திரையெல்லாம் ஒண்ணும் கேக்கல. நீங்க இருக்கிறப்ப பல்லக் கடிச்சிக்கினு இருப்பாங்க. உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி வந்திருக்குது, பாத்தா தாங்க மாட்டாருன்னு. நீங்க பை தேடப் போனப்பறம் கத்தித் தீத்துக்குவாங்க. தறிச் சத்தத்துல தெருவுக்குக் கேக்காது. முனைல உங்க மணி கேட்டதும் மூஞ்சி கழுவி, பொட்டு வெச்சி உக்கார வெச்சிடுவேன்."

ஸௌந்தரராஜனுக்கு ரெக்ஸின் பையில் வந்த தோல் வாசனையும், ஏனாத்தூர்ப் பையன்களின் வண்டியும், சார்ஜ் போடுகிற ஓட்டையும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பெருமைப்பட்டுக்கொண்டாரே, அந்தப் புத்தித் தெளிவு முழுவதும் அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதற்கே செலவாகியிருந்தது.

"அப்போ தீர்த்தம் வேணும்னு சொன்னது? அதுவும் பொய்யா?"

"இல்ல சார். அது நெஜந்தான். ராவும் பகலும் அந்தக் கெணத்தப் பத்தித்தான் பேச்சு."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். தண்ணீரை உள்ளே கொண்டு போனால் தேடல் முடிந்துவிடும். நாளை மத்தியானத்திலிருந்து அவர் வீட்டோடு உட்கார வேண்டும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டே கிடக்க வேண்டும். கொண்டு போகாவிட்டால் அவள் கடைசியாகக் கேட்ட ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. போய்க் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரியும், என் முன்னால் கத்து என்று சொல்லலாம். சொன்னால் கத்த மாட்டாள். அவளை அவருக்குத் தெரியும். இத்தனை பாடுபட்டு அவள் மூடிவைத்ததைத் தான் திறந்துவிட்டால் அந்த வலிமேல் இந்த வலியும் அவளுக்குச் சேரும்.

உள்ளே மறுபடி முனகல் கேட்டது. புருஷனுக்கு உள்ளே போக உரிமை உண்டு. போகாமல் இருப்பதைத்தான் அவள் அவரிடம் கேட்டிருக்கிறாள், வாய்விட்டுக் கேட்காமல்.

"இந்திராணி, இந்தக் குடம் ரெண்டும் உன் ஆத்துல இருக்கட்டும். பையும் அங்கேயே இருக்கட்டும். ராத்திரி குடிக்கக் கொடுக்கறச்சே இதுலேர்ந்து நீயே நம்மாத்துப் பானைல ஊத்திடு."

அவள் தயங்கினாள். "நான் தொட்டா மாமிக்கு ஆவாதே சார். சாமிக்கும் வெக்கிறதாச்சே."

"தொடும்மா. நீ தொடாம யார் தொடறது" என்றார். சுண்டுவிரல் அகலத் தோலுக்காக ஊர் சுற்றிய மனுஷர்தான் இதைச் சொன்னார்.

குடங்களையும் பைகளையும் பின்தெருவில் இறக்கிவிட்டு, வெறும் கேரியரோடு ஊரைச் சுற்றினார். எங்கே போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வழக்கமான நேரத்துக்கு முனை மண்டபத்துக்கு வந்து மணி அடித்தார். நின்று நிதானமாக, விட்டு விட்டு, நெடுநேரம் அடித்தார். பிறகு வண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

ஸுபத்ரா நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைக்கலை" என்றார்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தார். ஏன் இத்தனை நாள் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

"முனிரத்தினம்கிட்ட கொடுத்திருந்தேளே?"

"அவன் கெடக்கான். பேட்டரிப் பெட்டியில இடிக்கறது. அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"பரவாயில்லை. என்ன அவசரம்" என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவர். அன்று கூசாமல் சொன்னார்.

ராத்திரி அவர்தான் டம்ளரில் எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவள் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்மாத்துக் கிணறு இன்னிக்குத் தித்திக்கறதே."

"மழை பெஞ்சிருக்கோன்னோ" என்றார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மாதம் அது.

"ஆமாம். பெஞ்சிருக்கும்" என்றாள். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு எங்க தேடப் போறேள்?" என்று கேட்டாள்.

"ஐயம்பேட்டைப் பக்கம் ஒருத்தன் இருக்கானாம்."

"போயிட்டு வாங்கோ. மெதுவா வாங்கோ" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ருசி தெரியாமலா போகும்? ஆனால் இருவரும் அந்த மழையை அப்படியே பெய்யவிட்டுவிட்டார்கள்.

மறுநாளே டாக்டரைப் பார்த்தார். மாத்திரை மாறியது. கொஞ்சம் கேட்டது, முழுதும் கேட்கவில்லை. ஆகவே மத்தியானம் ஆனதும் பை தேடக் கிளம்பிவிடுவார். பின்தெருவில் பைகளை மாட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போவார். இறைத்து நிறைத்துவிட்டுக் கிணற்று மேடையில் உட்கார்ந்துகொள்வார். ராம்ப்ரஸாத்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். அதன்பிறகு காலை வேளையில் மட்டுமே அக்காவைப் பார்க்க வருவான். மத்தியானத்தில் அவர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் வந்து உட்காருவான்.

அந்த நேரம் இருக்கிறதே, அது அவருக்கு நரகம். முன்பு வெளியே வந்தால் மூச்சுவிட முடிந்தது. இப்போது அவள் கத்தும் நேரம் இது என்று தெரிந்தே ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடிப்போகலாம் என்று கால் துடிக்கும். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரி அவள் குடிக்கும்போது, "இன்னிக்கும் தித்திக்கறது" என்பாள். இந்திராணி தொட்ட அந்தத் தண்ணீரில்தான் காலையில் திருவாராதனம் நடந்தது. பெருமாள் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

தமிழ் வருஷப் பிறப்பு கழிந்து சில நாளில், வழக்கம்போல் இரண்டு குடமும் நிறைத்துக்கொண்டு பின்தெருவுக்கு வந்தார். இந்திராணி வீட்டில் தறிச் சத்தம் இல்லை. அமாவாசையும் இல்லை. பக்கத்துத் தறியும் நின்றிருந்தது, அதற்கடுத்த தறியும் நின்றிருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை.

பைகளை இறக்க அவருக்குக் கை வரவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு முனைக்கு வந்தார். வீட்டு வாசலில் நாலைந்து பேர் நிற்பது தெரிந்தது. மணி அடித்தார். அவள் முகம் அலம்ப வேண்டும், தலையை வார வேண்டும், நெற்றிக்கு இட்டுக்கொள்ள வேண்டும், அதற்கெல்லாம் நேரமாகும். நின்ற இடத்தில் நின்று அடித்துக்கொண்டே இருந்தார். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் அருகில் வரத் தைரியமில்லை.

இந்திராணிதான் வந்தாள். மணிமேல் இருந்த அவர் கட்டைவிரலை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"போதும் சார். மாமிக்கு இனிமே வலி இல்ல. நீங்க உள்ள வரலாம்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பையில் இருந்த குடங்களைப் பார்த்தார். இரண்டும் தளும்பத் தளும்ப இருந்தன. அந்த வீட்டு வாசலுக்கு அந்தப் பைகள் முதன்முதலாக அன்றுதான் வந்தன.

அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். ஸௌந்தரராஜன் யாரையும் தொடவிடாமல் குடத்தைத் தாமே தூக்கி வந்தார். இந்திராணியைக் கூப்பிட்டு மற்றக் குடத்தை அவள் இடுப்பில் கொடுத்தார். பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

செவிலிமேட்டுத் தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்து காதோரமாக வழிந்தது. அப்போதுதான் அவர் கத்தினார். பின்தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை, தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும்.